பத்தி மடக்கும் ஸ்கிரிப்ட் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்து சரிசெய்யுங்கள்

வெறும் உரைக்கோப்பை எடுத்து, பத்தி பிரித்து, சொன்ன அகலத்துக்கு வரிகளை மடக்கித் தரும் ஸ்கிரிப்ட் இருபது முப்பது வரிகளில் முடிந்துவிடும். அது கெட்டுப்போகும் விதங்கள்தான் அதிகம். பிழைச்செய்தி எதுவும் வராது. ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஓடி முடியும், வெளிவரும் உரை மட்டும் கண்றாவியாக இருக்கும். இப்படிச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலும் மடக்கும் பகுதியில் கோளாறு இருப்பதில்லை. அதற்கு முன்னால், எது வரி, எது பத்தி என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் இருக்கும். கீழே உள்ளவை பைத்தானை வைத்து எழுதியவை. பெர்ல், ஆக் (awk), பிஎச்பி எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

மூலக் கோப்பை நகலெடுத்து ஓரமாக வையுங்கள். அடுத்து, உரையின் முதல் 300 எழுத்துகளை பைத்தானின் ரெப்ர் (repr) வழியாக அச்சிடுங்கள். சாதாரண பிரிண்ட் போதாது. ரெப்ர் தமிழ் எழுத்துகளை அப்படியே காட்டும். கண்ணுக்குத் தெரியாத குறிகளை மட்டும் பின்சாய்கோடு போட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். இந்த ஒரு பார்வையிலேயே பாதி வழக்குகள் முடிந்துவிடும்.

இனி வரும் மாதிரிகளில் வரிமுடிவை (யூனிகோடு எண் 10) ↵ என்றும், விண்டோஸ் கோப்புகளில் அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் குறியை (எண் 13) ← என்றும், சாதாரண இடைவெளியை · என்றும் காட்டுகிறேன்.

## அறிகுறி: எல்லாப் பத்திகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வருகின்றன

இதுதான் அதிகம் வருவது. காரணங்கள் எளிதிலிருந்து கடினத்துக்கு.

### முழு உரையையும் ஒரே வீச்சில் கொடுத்துவிட்டீர்களா?

பைத்தானில் வரி மடக்குவதற்கென்றே உள்ள டெக்ஸ்ட்ராப் (textwrap) தொகுதியின் ஃபில், ராப் என்ற செயல்கள் இரண்டுக்கும் பத்தி என்றால் என்னவென்றே தெரியாது. கொடுத்ததை ஒரே பத்தியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ‘ரீப்ளேஸ் ஒயிட்ஸ்பேஸ்’ என்ற அமைப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால் வரிமுடிவுகள் அனைத்தும் இடைவெளியாகிவிடும். அதை அணைத்தால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. பழைய வரிமுடிவுகள் வரியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அகலக் கணக்கைக் குழப்பிவிடும். உரையை முதலில் பத்திகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே ஃபில்லுக்கு அனுப்பி, முடிவில் வெற்று வரி வைத்து இணைப்பதுதான் வழி.

### வெட்டிய பிறகும் ஒட்டிக்கொள்கிறதா?

அடுத்தடுத்து இரண்டு வரிமுடிவுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே வெட்டு என்று எழுதியிருப்பீர்கள். ரெப்ர் காட்டுவதை உற்றுப் பாருங்கள்:

முதல் பத்தி முடிந்தது.↵···↵அடுத்த பத்தி.

கண்ணுக்கு அது வெற்று வரி. ஸ்கிரிப்டுக்கு மூன்று இடைவெளிகள் உள்ள வரி. இரண்டு ↵ அடுத்தடுத்து இல்லாததால் வெட்டு விழவில்லை. வரிமுடிவு, அப்புறம் எத்தனை வெற்றிடம் இருந்தாலும் சரி, மறுபடி வரிமுடிவு என்று பொருந்தும் ரெஜெக்ஸால் (உரையில் வடிவம் தேடும் கோவை) வெட்டுங்கள். அல்லது ஒவ்வொரு வரியின் வலப்பக்க வெற்றிடத்தையும் முதலிலேயே களைந்துவிடுங்கள். ஆக்கின் பத்தி முறைக்கும் (பதிவுப் பிரிப்பானை வெற்றாக வைப்பது) பெர்லின் பத்தி முறைக்கும் இதே பலவீனம் உண்டு: வரியில் ஒரே ஒரு இடைவெளி இருந்தாலும் அது வெற்று வரி இல்லை.

### ரெப்ரில் ← தெரிகிறதா?

பத்தி முடிந்தது.←↵←↵அடுத்த பத்தி.

விண்டோஸில் சேமித்த கோப்பு. பைத்தான் கோப்பை உரையாகத் திறந்தால் ←↵ ஜோடியைத் தானே ↵ ஆக்கிவிடும். பைட்டுகளாகத் திறந்தாலோ, உரை இணையம் வழியாக நேரே வந்தாலோ ஆக்காது. லினக்ஸில் ஓடும் பெர்ல், ஆக், பிஎச்பி மூன்றும் தாமாக மாற்றுவதில்லை. மாற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் ஜோடியை ஒற்றை ↵ ஆக்குங்கள், அதன் பிறகு தனியாக மிஞ்சிய ← இருந்தால் அதை மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் அடுத்த அறிகுறிக்குப் போய்விடுவீர்கள்.

### வெற்று வரியே இல்லையா?

வரி நீளங்களை வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நீளங்கள் பல நூறு எழுத்துகள் என்றால், ஒவ்வொரு வரியும் ஒரு பத்தி. வேர்டு செயலிகளிலிருந்து வெறும் உரையாக ஏற்றுமதி செய்தவை இப்படித்தான் இருக்கும். எதையும் இணைக்காமல் வரிக்கு வரி மடக்குங்கள், போதும்.

நீளங்கள் 60 முதல் 75 வரை ஒட்டி ஒட்டி இருந்து, சில வரிகள் மட்டும் இடைவெளியிலோ டேபிலோ தொடங்கினால், முதல் வரி உள்தள்ளல்தான் பத்தியின் அடையாளம். வெற்றிடத்தில் தொடங்கும் வரி புதுப் பத்தி என்று விதியை மாற்றுங்கள். இடப்பக்க வெற்றிடத்தை முன்கூட்டியே நீக்கும் கட்டளை ஸ்கிரிப்டில் எங்காவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அடையாளத்தையே அது அழித்துக்கொண்டிருக்கும்.

நீளங்கள் ஒரே மாதிரி, உள்தள்ளலும் இல்லை என்றால், அது பிடிஎஃபிலிருந்து உருவிய உரையாக இருக்க வாய்ப்பு அதிகம். வரி குட்டையாக இருந்து முற்றுப்புள்ளியில் முடிந்தால் பத்தி முடிவு என்று ஊகிக்கலாம். பத்தியின் கடைசி வரி விளிம்பு வரை நிரம்பியிருக்கும் இடங்களில் ஊகம் தோற்கும். சில பக்கங்கள் என்றால் கையால் திருத்துவது வேகம். புத்தகம் அளவுக்கு இருந்தால், அதிலும் பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசையாக (காலம்) அச்சானது என்றால், ஸ்கிரிப்டை மூடிவைத்துவிட்டு பக்க அமைப்போடு உரையை எடுத்துத் தரும் ஆளிடம் மூலப் பிடிஎஃபையே கொடுங்கள். உருவிய உரையில் இல்லாத தகவலை எந்த ரெஜெக்ஸும் வரவழைக்காது.

## அறிகுறி: ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகிவிடுகிறது

கோப்பைத் திறந்தால் ஒன்றுவிட்டு ஒரு வரி வெற்றாக இருக்கும்.

முதல் சந்தேகம், மேலே சொன்ன வரிசைப் பிசகு. ← ஐத் தனியே ↵ ஆக்கினால் ஜோடி இரண்டு ↵ ஆகிவிடும். ஒவ்வொரு வரிமுடிவும் பத்தி முடிவாகத் தெரியும்.

அது இல்லையென்றால் கோப்பை எழுதிய இடத்தைப் பாருங்கள். விண்டோஸில் உரை முறையில் எழுதும்போது பைத்தான் ஒவ்வொரு ↵ க்கு முன்னாலும் ஒரு ← சேர்க்கும். நீங்கள் எழுதிய உரையில் ஏற்கெனவே ←↵ இருந்தால் கோப்பில் ←←↵ விழும். அடுத்த முறை படிக்கும்போது அது இரண்டு வரிமுடிவு. எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒற்றை ↵ ஆக்கினால் தீர்ந்தது.

## அறிகுறி: நீள வரி, குட்டை வரி, நீள வரி, குட்டை வரி

பழைய வரிமுறிவுகளை நீக்காமல்
மடக்கினால்
ஒவ்வொரு வரியின் வாலும் தனியே
தொங்கும்

முன்பு 40 எழுத்து அகலத்தில் மடக்கிய உரையை, வரிகளை இணைக்காமல் 30க்கு மடக்கினால் இப்படித்தான் ஆகும். ஸ்கிரிப்ட் வரிக்கு வரி ஃபில்லை அழைக்கிறது. யூனிக்ஸின் ஃபோல்டு கட்டளையும் வரிக்கு வரிதான் வெட்டும். பத்தியாக எண்ணி மறுபடி நிரப்ப வேண்டுமென்றால் எஃப்எம்டி (fmt) கட்டளை.

பத்திக்குள் உள்ள வரிகளை ஒற்றை இடைவெளியால் இணைத்துவிட்டு மடக்குங்கள். இங்கே ஒரு சின்னக் கண்ணி. வாதம் (அடைப்புக்குறிக்குள் தரும் மதிப்பு) கொடுக்காத ஸ்ப்ளிட்டால் சொற்களாக உடைத்து ஜாயினால் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். அந்த ஸ்ப்ளிட், பிரியக்கூடாத இடைவெளியையும் (எண் 160) வெற்றிடமாக எண்ணி விழுங்கிவிடும். ‘10 கிலோ’ என்பதில் எண்ணும் அலகும் பிரியாமலிருக்க அந்த இடைவெளியைப் போட்டிருந்தால் அது சாதாரண இடைவெளியாகிவிடும். டெக்ஸ்ட்ராப் 160ஐ மதிக்கும், அதன் இடத்தில் வரியை உடைக்காது. அதற்கு முன்னால் ஓடும் ஸ்ப்ளிட்தான் காரியத்தைக் கெடுக்கிறது. அது முக்கியம் என்றால் ↵ ஐ மட்டும் இடைவெளியாக மாற்றுங்கள்.

வரி முடிவில் சிறுகோடு போட்டு உடைத்த சொற்கள் மூலத்தில் இருந்தால், இணைத்த பிறகு ‘எழுது- கிறார்’ என்று நிற்கும். வரிமுடிவுக்கு முன் வரும் சிறுகோட்டை எல்லா இடத்திலும் நீக்குவது ஆபத்து, உண்மையான சிறுகோடுகளும் போய்விடும். நீக்க வேண்டியவற்றைப் பட்டியலாக அச்சிட்டு, கண்ணால் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

## அறிகுறி: கடைசிப் பத்தியைக் காணோம்

வரிகளைச் சேர்த்துக்கொண்டே போய், வெற்று வரி வந்ததும் பத்தியை வெளியிடும் மடக்கு (லூப்) எழுதியிருப்பீர்கள். கோப்பின் கடைசியில் வெற்று வரி இல்லை, அதனால் கடைசிப் பத்தி கையிலேயே தங்கிவிட்டது. லூப் முடிந்த பிறகு, மிச்சம் இருந்தால் வெளியிடு என்று ஒரு வரி சேருங்கள். வேறு காரணம் தேட வேண்டாம்.

## அறிகுறி: ஆங்கில வரிகள் சரி, தமிழ் வரிகள் மட்டும் தாறுமாறு

இதில் நான்கு கிளைகள். எது உங்களுடையது என்பதை வெளிவந்த உரையே சொல்லும்.

### தமிழ் வரிகள் மிகக் குட்டை

ஸ்கிரிப்ட் பைட்டுகளை எண்ணுகிறது. ‘தமிழ்’ என்ற சொல் நம் கணக்கில் 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் 5 குறியீடுகள்: த, ம, இகரத் துணைக்குறி, ழ, புள்ளி. கோப்பில் யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இல் 15 பைட்டுகள். 70 பைட் அகலம் என்றால் ஒரு வரியில் இரண்டு மூன்று சொல்தான் கொள்ளும். பிஎச்பியின் வேர்ட்ராப் பைட் கணக்குதான் பார்க்கும். பெர்லில் உள்ளீட்டை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறக்காவிட்டால் அதே கதி. பெர்லில் திறக்கும்போதே குறியாக்கத்தைச் சொல்லுங்கள். பிஎச்பியில் வேர்ட்ராப்பை விட்டுவிட்டு, எம்பி (mb_) என்று தொடங்கும் சரச் செயல்களை வைத்துச் சொந்தமாக எழுதுவது நல்லது.

### தமிழ் வரிகள் கொஞ்சம் குட்டை

இது பைத்தானின் வழக்கமான நிலை. நீளம் அளக்கும் லென் (len) செயல் குறியீடுகளை எண்ணுகிறது. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே கணக்கில் ஏறுகின்றன. ஆங்கிலப் பத்திக்குப் பக்கத்தில் வைத்தால் தமிழ்ப் பத்தி ஒடுங்கித் தெரியும்.

அகலத்தை 70லிருந்து 100, 110 என்று ஏற்றுவதுதான் மலிவான வழி. தமிழ் மட்டும் உள்ள கோப்புக்கு இதுவே தாராளம். ஆங்கிலமும் கலந்திருந்தால் எழுத்தை எண்ண வேண்டும். யூனிகோடுடேட்டா தொகுதியின் கேட்டகிரி, துணைக்குறிகளுக்கும் புள்ளிக்கும் ‘எம்’ என்று தொடங்கும் வகையைத் தரும். அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் கிட்டத்தட்ட நம் எழுத்துக் கணக்கு வந்துவிடும். ‘க்ஷ’ இரண்டாகவும் ‘ஸ்ரீ’ இரண்டாகவும் வரும். மடக்குவதற்கு அந்தத் துல்லியம் போதும்.

நீளத்தை அளக்கும் செயலை டெக்ஸ்ட்ராப்பிடம் மாற்றிக் கொடுக்க வாசல் கிடையாது. ஆகவே மடக்கும் பகுதியை நீங்களே எழுத வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை: சொல் ஒவ்வொன்றாக எடுங்கள்; இப்போதைய வரியின் அகலம், ஓர் இடைவெளி, புதுச் சொல்லின் அகலம் மூன்றும் சேர்ந்து எல்லையைத் தாண்டினால் வரியை வெளியிட்டுப் புதிது தொடங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வரிகள் ஆகும்.

எழுதும்போது சொற்களை வெற்றிடத்தில்தான் பிரிக்க வேண்டும். சொல்லெழுத்து என்று பொருந்தும் ரெஜெக்ஸ் வகையை பைத்தானின் இயல்பான ரெஜெக்ஸ் தொகுதியில் பயன்படுத்தினால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடையும். இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை.

இன்னொன்று. ‘கொ’ என்பதை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கோப்பில் இரண்டும் கலந்திருந்தால் தேடலும் ஒப்பீடும் பிசகும். படித்தவுடன் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள், எல்லாம் ஒரே துணைக்குறியாகிவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ எழுத்தையே தட்டி வைத்திருப்பார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதை எந்த நார்மலைஸும் கண்டுபிடிக்காது; கையால்தான் திருத்த வேண்டும்.

### வரி தொடக்கத்தில் புள்ளிவட்டத்தோடு ஒரு துணைக்குறி, அல்லது �

புள்ளிவட்டம் வந்தால், எழுத்து நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. அகலத்தை மீறும் சொல்லை டெக்ஸ்ட்ராப் இயல்பாகவே உடைக்கும். உடைக்கும் இடம் உயிர்மெய்யின் நடுவா என்று பார்க்காது. ‘பிரேக் லாங் வேர்ட்ஸ்’ அமைப்பை அணையுங்கள். நீளச் சொல் விளிம்பைத் தாண்டி நிற்கும், நிற்கட்டும்.

� வந்தால் ஓர் எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டு. பிஎச்பியின் வேர்ட்ராப்பில் நான்காவது வாதத்தை மெய் (true) என்று கொடுத்திருந்தால் முதலில் அதை எடுங்கள்.

உரை முழுவதுமே புரியாத குறிகளாக இருந்தால் மடக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்படியும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எந்த எழுத்துரு என்றே தெரியாத கோப்பு என்றால் அந்தக் கால டிடிபி வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

### எழுத்துக் கணக்கு சரி, வலது விளிம்பு மட்டும் நேராக இல்லை

தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றல்ல. ‘ர’ எங்கே, ‘ணௌ’ எங்கே! டெர்மினலில் எண்ணிக்கையை வைத்து விளிம்பை நேராக்க முடியாது. வலது விளிம்பு கட்டாயம் நேராக வேண்டுமென்றால் மடக்குவதை உலாவியிடமோ பக்க அமைப்பு மென்பொருளிடமோ விடுங்கள். அச்சுக்குப் போகும் வேலை என்றால் பக்க வடிவமைப்பாளரிடம் மடக்காத உரையாகக் கொடுங்கள். மடக்கிய உரையைக் கொடுத்தால் அவர் முதலில் செய்யும் வேலை உங்கள் வரிமுடிவுகளை எல்லாம் அழிப்பதுதான்.

## அறிகுறி: இணைய முகவரிகள் இரண்டாக உடைகின்றன

‘பிரேக் லாங் வேர்ட்ஸ்’, ‘பிரேக் ஆன் ஹைஃபன்ஸ்’ இரண்டையும் அணையுங்கள். இரண்டாவதை அணைக்க இன்னொரு காரணமும் உண்டு: ஆங்கிலக் கூட்டுச்சொல் சிறுகோட்டில் உடைந்து, மறுமுறை ஸ்கிரிப்டை ஓட்டும்போது இடைவெளியோடு சேரும். நல்ல மடக்கு ஸ்கிரிப்டை அதன் வெளியீட்டின் மீதே மறுபடி ஓட்டினால் எதுவும் மாறக்கூடாது. எதை மாற்றினாலும் கடைசியில் இந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டையும் அணைத்த பிறகும் உடைந்தால், வரி முடிவில் = குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மின்னஞ்சலுக்காக 76 எழுத்தில் வெட்டிய வடிவம். பைத்தானின் க்வோப்ரி (quopri) தொகுதியால் முதலில் அவிழ்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

## அறிகுறி: கவிதையும் முகவரியும் நிரல் துண்டும் குழைந்துபோகின்றன

வரிமுடிவே பொருளாக இருக்கும் பகுதிகள் இவை. நான்கு இடைவெளியில் தொடங்கும் வரிகள் உள்ள பத்தியைத் தொடாதே என்பது எளிய விதி. எல்லா வரிகளும் அகலத்தில் பாதிக்கும் குறைவு என்றால் தொடாதே என்பது அடுத்தது. அது சில சமயம் குட்டி உரையாடல்களையும் விட்டுவிடும். இந்த ஊகங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. உரையை எழுதுபவரிடம் பேசி, அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் ஒரு குறி போடச் சொல்வதே மேல்.

## அறிகுறி: எச்டிஎம்எல் பத்தி டேக் போட்டதும் பக்கம் கெடுகிறது

காலிப் பத்திகள், தேவையில்லாத இடைவெளி. வெட்டிய துண்டுகளில் வெறுமையானவற்றை வடிகட்டவில்லை. முதல் பத்தி மட்டும் காலி என்றால், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி (எண் 65279) இருக்கலாம். ‘யூடிஎஃப்-8-சிக்’ (utf-8-sig) என்ற குறியாக்கத்தில் திறந்தால் போய்விடும்.

பட்டியலுக்குக் கீழே காலிப் பத்தி. உரையில் ஏற்கெனவே பட்டியல் டேக் இருந்து, அதைச் சுற்றியும் பத்தி டேக் போட்டிருக்கிறீர்கள். பத்திக்குள் பட்டியல் வர அனுமதியில்லை. பட்டியல் தொடங்கியதும் உலாவி பத்தியைத் தானே மூடிவிடும். பிறகு நீங்கள் போட்ட மூடும் டேக் துணையில்லாமல் நிற்கும், அதை ஒரு காலிப் பத்தியாக ஆக்கிவிடும். உரையில் ஓரிரு டேக் மட்டும் என்றால் டேக்கில் தொடங்கும் துண்டுகளைச் சுற்றாமல் விடுங்கள். எங்கும் டேக் கலந்திருந்தால் ரெஜெக்ஸை விட்டுவிட்டு முறையான எச்டிஎம்எல் பார்சரைப் பயன்படுத்துங்கள்.

சில சொற்கள் மாயம். < குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் உலாவி அதை டேக் என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்து வந்தால் எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் தமிழ்ப் பக்கங்களில் நெடுநாள் தெரியாமலிருந்து திடீரென்று முளைக்கும் கோளாறு இது. முதலில் எஸ்கேப் (அந்தக் குறியை < என்று மாற்றி எழுதுவது), அப்புறம் பத்தி வெட்டு, அப்புறம் டேக், கடைசியாகத் தேவைப்படும் இடத்தில் வரிமுறிவு டேக். இந்த வரிசை மாறக்கூடாது. & குறிக்குப் பின்னால் எஸ்கேப் செய்த எழுத்துகளே பக்கத்தில் அப்பட்டமாகத் தெரிந்தால் இரண்டு முறை எஸ்கேப் ஆகியிருக்கிறது; ஸ்கிரிப்டில் ஒன்றும் வார்ப்புருவில் ஒன்றுமாக இருக்கும்.

பத்திக்குள் பத்தி. ஸ்கிரிப்ட் அதே உரையின் மேல் இரண்டாம் முறை ஓடியிருக்கிறது. கோப்பு என்றால் மூலத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். தரவுத்தளத்தில் மூலத்தின் மேலேயே எழுதி, பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். திருத்த இன்னொரு ஸ்கிரிப்ட் ஓட்டாதீர்கள். சில பதிவுகள் ஒருமுறையும் சில இருமுறையும் மாறியிருக்கும், எது எது என்று அந்த ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. தரவுத்தளத்தைப் பராமரிப்பவரிடம் ஸ்கிரிப்ட் ஓடிய தேதியையும் நேரத்தையும் சொல்லி, அதற்கு முந்தைய காப்புநகலை வேறொரு இடத்தில் மீட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாரும் திருத்தாத பதிவுகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ளவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.